வாய்ப்புற்றும் மரஞ்செடிகொடி மருந்தும்: இலக்கியச் சான்றும் ஆய்வுச் சான்றும்

1. முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலும் இருப்புப்பாதையிலும் மணப்பாறைக்கு அப்பால் அமைந்த ஊர் வையம்பட்டி. புன்செய் நிலம் சூழ்ந்த இவ்வூருக்கு வடக்கே காவிரிக் கரையின் வெற்றிலைக் கொடிக்கால்கள் உள்ளன. தெற்கே திண்டுக்கல் வட்டாரத்துப் புகையிலைக் கொல்லைகள் உள்ளன. சுருட்டுப் புகையிலையையும் மெல்லும் புகையிலையையும் ஆராய்வதற்கென அரசினர் 1948-இல் நிலையம் ஒன்று நிறுவிய வேடசந்தூரும் இவ்வூருக்குத் தொலைவிலுள்ளதன்று. வடக்கிலிருந்து வந்த இலையும் தெற்கிலிருந்து வந்த இலையும் இவ்வட்டாரத்து உழைப்பாளர் பலரின் சுருக்குப்பையில் ஒன்றுகூடின. பாக்கும் சுண்ணாம்பும் சேர, அவ்விரண்டும் கன்னத்தில் அடக்கப்பெற்றன. வாய்ப்புற்று என்னும் கொடுநோயின் வரலாறு இங்ஙனம் அடக்கிய கன்னத்திலிருந்தே நம் நாட்டில் தொடங்குகின்றது.

இந்நோய்க்கு மரஞ்செடிகொடிகளிலிருந்து மருந்து காணும் முயற்சி இன்று பல ஆய்வுக் கூடங்களில் நடைபெறுகின்றது. மஞ்சள், வேம்பு, துளசி, மிளகு முதலிய பெயர்கள் அவ்வாய்வுகளில் அடிக்கடி வருவதைக் காணும் தமிழன்பர் சிலர், 'சித்தர்கள் அன்றே புற்றுநோயைத் தீர்த்தனர்' என மேடையிலும் ஏட்டிலும் கூறத் தலைப்பட்டுள்ளனர். இக்கூற்றைத் தமிழ்த்துறையினராகிய நாம் ஆராயாமல் ஏற்றலும் தகாது. ஆராயாமல் தள்ளலும் தகாது. பழநூல் கூறுவது யாது, ஆய்வுக்கூடம் கூறுவது யாது, நோயாளியிடத்து மெய்ப்பிக்கப்பெற்றது யாது என மூன்றையும் தனித்தனியே வகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கமுகும் மஞ்சளும்

காவிரி நாட்டின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, தோட்டப் பயிர்களை அடுக்கிக் கூறுமிடத்துத் தெங்கு, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி என்னும் எட்டனையும் சுட்டுகின்றது. இவ்வடுக்கில் கமுகும் மஞ்சளும் அடுத்தடுத்து நிற்றல் ஈண்டு நோக்கற்பாலது. வாய்ப்புற்றை விளைவிப்பது என இன்று உறுதி செய்யப்பெற்ற காயும், அந்நோய்க்கு மருந்தாகுமோ என மிகுதியாக ஆராயப்பெறும் கிழங்கும் ஒரே தோட்டத்தில் ஒன்றன் நிழலில் ஒன்றாக வளர்ந்தன. புலவர் அவற்றை வளத்தின் அடையாளமாகக் கண்டாரேயன்றி, நஞ்சென்றோ மருந்தென்றோ பகுத்தாரல்லர்.

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், உணவுண்ட கோவலனுக்குக் கண்ணகி திரையலும் அடைக்காயும் தருகின்றாள். திரையல் என்பது வெற்றிலைச் சுருள்; அடைக்காய் என்பது பாக்கு. ஆகவே உண்டபின் வெற்றிலை பாக்குக் கொள்ளும் வழக்கம் இல்லறத்தின் இயல்பான கூறாகக் காப்பிய காலத்திலேயே நிலைபெற்றுவிட்டது. பிற்காலக் கல்வெட்டுக்கள் கோயில் வழிபாட்டிற்குரிய பொருள்களைக் குறிக்குமிடத்து இலையமுது, அடைக்காயமுது எனப் பெயரிடுகின்றன. மனையில் அன்பின் அடையாளமாக இருந்தது கோயிலில் அமுதாகவும் உயர்ந்தது.

இச்சொற்கள் கடல் கடந்து சென்ற வரலாறும் அறியத்தக்கது. வெற்றிலை என்பதன் மலையாள வடிவத்தையும், அடைக்காய் என்பதன் மலையாள வடிவத்தையும் மேற்குக் கடற்கரையில் கேட்ட போர்ச்சுகீசியர் தம் மொழியில் திரித்து வழங்கினர். அவர்கள் வழியாக அவை ஐரோப்பிய மொழிகளில் 'பீட்டில்', 'அரிக்கா' என நிலைத்தன. 1753-இல் லின்னேயசு செடிகொடிகளுக்கு இருசொற்பெயர் வகுத்தபோது வெற்றிலைக்குப் 'பைப்பர் பீட்டில்' எனவும், கமுகுக்கு 'அரிக்கா கட்டெச்சு' எனவும் பெயரிட்டார். பின்னர்ப் பாக்கிலிருந்து பிரித்தெடுத்த காரப்பொருளுக்கு வேதியியலார் 'அரிக்கோலின்' எனப் பெயர் சூட்டினர். கண்ணகி கைப்பட்ட அடைக்காய் என்னும் சொல்லே அந்நச்சுப்பொருளின் பெயருள்ளும் மறைந்து நிற்கின்றது.

3. புகையிலையின் வரவு

வெற்றிலையும் பாக்கும் பழமையுடையன, புகையிலையோ புதியது. அமெரிக்க நிலப்பகுதிக்குரிய அச்செடி கொலம்பசின் கடற்செலவுக்குப் பின்னரே கீழை நாடுகளை அடைந்தது. ஆயினும் வந்த சில தலைமுறைக்குள் அது தமிழர் வாழ்வில் வேரூன்றிவிட்டது என்பதற்குச் சீனிச்சக்கரைப் புலவர் இயற்றிய 'புகையிலை விடு தூது' சான்று பகர்கின்றது. பழநி முருகனிடத்துப் புகையிலையைத் தூதாக விடுப்பதாக அமைந்த இச்சிறு நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1939-இல் பதிப்பித்தார்.

அந்நூல் புகையிலைக்குக் கூறும் பிறப்புக் கதை சுவையானது. மூவரும் ஆளுக்கோர் இலை பெற்றனர். சிவபெருமான் பெற்ற வில்வத்தைக் கங்கை அலை கொண்டு போயிற்று. திருமால் பெற்ற துளசியைப் பாற்கடல் கொண்டு போயிற்று. நான்முகன் பெற்ற இலை மட்டும் அவன் நாவில் உறையும் கலைமகளிடம் இருந்தமையால் போகவில்லை. அதனாற் 'போகையிலை' எனப் பெயர்பெற்றுப் பின் புகையிலை ஆயிற்று என்பது கதை. இது சொல்லாராய்ச்சியன்று, புலவரின் விளையாட்டே. புகை என்பதும் இலை என்பதும் சேர்ந்த தொகைச்சொல்லே புகையிலை என்பது வெளிப்படை. எனினும் இக்கதையுள் வரலாற்றாசிரியன் கொள்ளத்தக்க குறிப்பு ஒன்றுண்டு. பெயர் புகையைச் சுட்டினும், இலை தங்கிய இடம் நாவாகக் கூறப்பெற்றது. தமிழ்நாட்டில் புகையிலையைக் கொளுத்திப் புகைத்தவரும் உளர். உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் அயல்நாடு வரை புகழ்பெற்றன. ஆயினும் சிற்றூர்ப் பெண்டிரும் உழைப்பாளரும் அதனைப் பெரிதும் வெற்றிலையோடு சேர்த்து வாயிலேயே அடக்கினர். நாவில் வைத்த இலை போகவில்லை என்னும் கதை, துன்பத்திற்குரிய முறையில் மெய்யாயிற்று.

4. புற்று என்னும் சொல்

புற்று என்பது கறையான் எடுத்த மண்மேட்டைக் குறிப்பதாகச் சங்க நூல்கள் முதல் வழங்கிவரும் சொல். வெளியே சிறிதாகத் தோன்றி உள்ளே பலவாறு கிளைத்து ஆழ்ந்து செல்லும் இயல்பு பற்றி, ஆறாப் புண்ணொன்றிற்கும் அது பெயராயிற்று. கிரேக்கர் இந்நோயை நண்டின் பெயரால் வழங்கினர். வடநூலார் கட்டியைக் குறிக்கும் 'அர்புதம்' என்னும் சொல்லை ஆண்டனர். ஒவ்வொரு மொழியும் தான் கண்ட வடிவத்தைக் கொண்டு பெயரிட்டது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. மருத்துவ ஏடுகளில் புற்று, பிளவை, கிரந்தி, குட்டம் எனவரும் பெயர்கள் இன்றைய நோய்ப்பெயர்களோடு ஒன்றுக்கொன்று பொருந்துவன அல்ல. ஆறாப் புண் எல்லாம் புற்றுநோய் அன்று. மேகநோயாலும் காசநோயாலும் பல்லின் கூர்மையாலும் வாயில் புண் வரலாம். திசுவைச் சிறிது வெட்டி எடுத்து உருப்பெருக்கியில் நோக்கியே இன்று புற்று உறுதி செய்யப்பெறுகின்றது. உயிரணுவை அடிப்படையாகக் கொண்ட அவ்வாய்வு 19-ஆம் நூற்றாண்டில் தோன்றியது. ஆகவே ஏட்டுச் சுவடியில் 'புற்று தீரும்' என ஒரு பாட்டு முடியுமாயின், அதனைப் 'புற்றுநோய் தீரும்' என மொழிபெயர்த்தல் பதிப்பாசிரியன் செய்யத்தக்கதன்று. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

காலக் கணிப்பும் அத்தகையதே. சித்தர் பெயரால் வழங்கும் மருத்துவப் பாடல்கள் பலவற்றின் நடை பிற்காலத்தது என மொழியறிஞர் கருதுவர். புகையிலை, மிளகாய் போன்ற அமெரிக்கச் செடிகள் ஒரு பாட்டில் மருந்தாகக் கூறப்பெறின், அப்பாட்டோ அதன் அப்பகுதியோ 16-ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. செடியின் வரலாறு நூலின் காலத்தை அளக்கும் கோலாகப் பயன்படுகின்றது.

இதனால் தமிழகத்தில் மருத்துவ மரபு இல்லை என்பது பெறப்படாது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், மருத்துவர், அறுவை செய்வோர், ஏவற்பெண்டிர் ஆகியோரையும், ஆண்டு முழுமைக்கும் சேமித்த மருந்துகளையும் குறிக்கின்றது. அம்மருந்துப் பட்டியலில் கடுக்காய் சேர்ந்த கலவைகள் பல உள்ளன. திருவரங்கத்தில் சகம் 1415, அதாவது கி. பி. 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கருடவாகன பட்டர் ஆரோக்கியசாலையைப் புதுப்பித்த செய்தியைத் தருகின்றது. அக்கோயிலில் தன்வந்திரிக்குத் தனிச் சந்நிதி உண்டு. மருந்தைச் சேமிக்கவும், நோயாளியைப் பேணவும், அதற்கென அறம் நிறுவவும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். இப்பெருமைக்குக் கல்வெட்டே போதிய சான்று. இல்லாத வெற்றியை ஏற்றிக் கூறல் வேண்டா.

5. நெய்யூரில் கண்ட உண்மை

வாய்ப்புற்றும் மெல்லும் பழக்கமும் தொடர்புடையன என்பதை மருத்துவ உலகிற்கு உணர்த்தியதில் தமிழ் நிலத்திற்குச் சிறப்பான இடமுண்டு. 1902-இல் சென்னைப் பொது மருத்துவமனையைச் சார்ந்த நிப்லாக் என்பார் இந்தியாவில் புற்றுநோய் பற்றி எழுதினார். 1933-இல், அன்று திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நெய்யூர் மருத்துவமனையில் பணிபுரிந்த ஆர் என்பார், வெற்றிலை பாக்கு மெல்வோரிடத்துத் தோன்றும் வாய்ப்புற்றின் காரணம், இயல்பு, சிகிச்சை ஆகியவற்றை விரித்து இலண்டன் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். நெய்யூர் 1956 முதல் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

பின்னர் 1952-இல் சுவார்ட்சு என்பார் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்டிர் ஐவரிடத்து வாயின் உட்சவ்வு தடித்து, வாய் திறக்கவியலாது போகும் நிலையைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு பம்பாயைச் சார்ந்த ஜோஷி அதே நிலையை விளக்கினார். சவ்வின் அடியில் நார் பெருகும் இந்நிலை பாக்கினால் விளைவது என்பதும், புற்றுக்கு முன்னோடியாகலாம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பன்னாட்டு முகமை, 1985-இல் புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்று விளைவிக்கும் எனவும், 2004-இல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத தாம்பூலமும் பாக்குமே புற்று விளைவிப்பன எனவும் முடிவு கூறிற்று.

விளையும் முறையும் ஓரளவு விளங்கியுள்ளது. சுண்ணாம்பு எச்சிலைக் காரமாக்குகின்றது. அந்நிலையில் பாக்கின் பொருள்கள் உயிரணுவைத் தாக்கும் வினைமிகு உயிரிய வடிவங்களைத் தோற்றுவிக்கின்றன. அரிக்கோலினும் புகையிலையின் நிக்கோட்டினும் நைத்ரசன் சேர்ந்த புற்றூக்கிகளாக மாறுகின்றன. நாள்தோறும் பல முறை, பல ஆண்டுகள், ஒரே கன்னத்தில் இவ்வேதிவினை நிகழ்கின்றது. மரஞ்செடிகொடிப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றது ஆகாது என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

6. மஞ்சள் பற்றிய ஆய்வுகள்

இனி மருந்தாகக் கருதப்பெறும் பொருள்களை நோக்குவோம். மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் 1815-இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பெற்றது. அதன் வேதியமைப்பு 1910-இல் அறியப்பெற்றது. 1985-இல் குட்டன் முதலியோர் கேரளத்தில் மஞ்சளின் புற்றெதிர்ப் பண்பு பற்றிய ஆய்வை வெளியிட்டனர். 1987-இல் அக்குழுவினர், வெளிப்புண்ணாகத் தோன்றிய புற்றுடைய 62 நோயாளிகட்கு மஞ்சட் சாற்றையும் குர்க்குமின் களிம்பையும் பூசிக் கண்டதைக் கூறினர். நூற்றுக்குத் தொண்ணூற்றின்மரிடம் துர்நாற்றம் குறைந்தது; ஏறக்குறைய எல்லாரிடத்தும் அரிப்புக் குறைந்தது; புண்ணின் அளவும் வலியும் குறைந்தவர் நூற்றுக்குப் பதின்மரே. இம்முடிவைக் கூர்ந்து படித்தல் வேண்டும். நோயாளியின் துன்பத்தைக் குறைத்தது என்பது உண்மை. நோயைத் தீர்த்தது என்பது அவ்வாய்வின் முடிவன்று.

விலங்காய்வில் பெரிதும் பயன்படுவது ஆம்ஸ்டர் என்னும் எலியின் கன்னப்பை. உணவைக் கன்னத்தில் அடக்கும் இயல்புடைய இவ்வுயிரின் கன்னப்பையில் புற்றூக்கியைத் தடவிப் புற்றுத் தோற்றுவிக்கும் முறையை 1954-இல் சாலி என்பார் வகுத்தார். வாரம் மும்முறை, 14 வாரம் தடவுவது வழக்கமாயிற்று. நம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் இம்முறையைக் கொண்டு வேப்பிலை, குர்க்குமின், மிளகின் பைப்பரின் முதலிய பல பொருள்களை ஆராய்ந்துள்ளனர். குர்க்குமினும் பைப்பரினும் இவ்வெலிகளிடத்துப் புற்றுத் தோற்றத்தைத் தடுத்தமை பற்றிய அவர்தம் கட்டுரை 2009-இல் வெளிவந்தது. இவை மதிக்கத்தக்க பணிகள். எனினும் இங்குப் பெரும்பாலும் ஆராயப்பெறுவது, புற்றூக்கி தடவும்போதே மருந்தும் கொடுத்துத் தடுப்பதாகும். வளர்ந்துவிட்ட புற்றை அழிப்பது வேறு. தோன்றாமல் தடுப்பது வேறு.

மனிதரிடத்துக் குர்க்குமின் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. உண்ட பொருளிற் பெரும்பகுதி குருதியில் சேர்வதில்லை. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வொன்று, 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்ப்பின் குருதியில் சேரும் அளவு பன்மடங்கு பெருகுவதைக் காட்டிற்று. மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சமைக்கும் நம் வழக்கத்திற்கு இது சான்றெனப் பலர் மகிழ்வர். ஆயினும் ஆய்விற் கொடுத்த அளவு சமையலறை அளவினும் மிகப் பெரிதென்பதை மறத்தல் கூடாது. 2001-இல் தைவானில் வெளியான முதற்கட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 8 கிராம் வரை நோயாளிகள் தாங்கினர். அதற்குமேல் மருந்தின் பருமையையே அவர்களால் ஏற்கவியலவில்லை. வாயில் வெண்படலம் உடைய எழுவருள் இருவர்க்குத் திசுநிலையில் முன்னேற்றம் காணப்பெற்றது; ஒருவர்க்கு மருந்துண்ட நிலையிலும் புற்றுத் தோன்றிவிட்டது.

எல்லாவற்றினும் சிறந்த சான்று 2016-இல் குரியாகோசு முதலியோர் வெளியிட்டது. வாயில் வெண்படலம் உடைய 223 இந்தியரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நாளொன்றுக்கு 3.6 கிராம் குர்க்குமினும், மறுபிரிவினர்க்கு மருந்தற்ற ஒப்புக் குளிகையும் ஆறு திங்கள் கொடுத்தனர். எதனை உண்கின்றோம் என நோயாளியும் அறியார். எதனைக் கொடுக்கின்றோம் என மருத்துவரும் அறியார். முடிவில் குர்க்குமின் உண்டவருள் 67.5 விழுக்காட்டினர்க்குப் படலம் குறைந்தது. மருந்தே இல்லாத குளிகை உண்டவருள்ளும் 55.3 விழுக்காட்டினர்க்குக் குறைந்தது. திசுவை உருப்பெருக்கியில் நோக்கியபோது இரு பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்பெறவில்லை.

இவ்விரண்டாம் எண்ணே நம் சிந்தனைக்கு உரியது. மருந்தில்லாமலே பாதிக்கு மேற்பட்டோர் தேறினர் எனின், 'யான் இம்மூலிகை உண்டேன். என் படலம் மறைந்தது' என்னும் தனியொருவர் கூற்று எத்துணை உண்மையாயினும் சான்றாகாது. அதற்காக அவர் பொய்யுரைத்தார் என்பதும் இல்லை. ஒப்புநோக்கும் பிரிவு இல்லாத இடத்தில் மருந்தின் பயனும் இயற்கையின் மாற்றமும் பிரிக்க இயலாதன. ஒரே சுவடியை வைத்துப் பாடம் உறுதி செய்யலாகாது எனப் பதிப்புத்துறையில் நாம் கூறும் விதியே மருத்துவத்தில் இவ்வடிவம் பெறுகின்றது.

7. மெய்ப்பிக்கப்பெற்ற செடிமருந்துகள்

செடிகொடிகளிலிருந்து புற்றுமருந்து கிடைக்கவே இல்லையோ எனின், கிடைத்துள்ளது. ஆனால் அது கிடைத்த வழி நாம் எதிர்பார்த்த வழியன்று.

நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணி மடகாசுகர்த் தீவுக்குரியது. கடல்வழி வந்து இங்கே பரவியது. பழந்தமிழ் நூல்களில் அதற்கு இடமிருக்க வழியில்லை. சமைக்கா நாட்டு மக்கள் அதன் இலையை நீரிழிவுக்கு மருந்தாகக் கொண்டதைக் கேட்டுக் கனடாவில் நோபிள், பீர் என்னும் இருவர் ஆராய்ந்தனர். குருதிச் சர்க்கரை குறையவில்லை. ஆய்வெலிகளின் வெள்ளணுக்களே குறைந்தன. அக்குறைவைப் புறக்கணியாது தொடர்ந்து நோக்கியதன் பயனாக 1958-இல் வின்பிளாசுட்டின் என்னும் மருந்து கிடைத்தது. அதன் இனமாகிய வின்கிறிசுட்டின் 1963-இல் அமெரிக்காவில் மருத்துவப் பயனுக்கு இசைவு பெற்றது. மக்கள் மரபு சுட்டியது ஒன்று. ஆய்வு கண்டது வேறொன்று. மரபு இலையைக் காட்டிற்று. பயனைக் காட்டியது ஆய்வே.

வாய்ப்புற்றோடு நெருங்கிய தொடர்புடைய மருந்து 'டோசிடாக்செல்' என்பதாகும். 'தாக்சசு' என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்த டாக்சால் என்னும் பொருளின் அமைப்பை அமெரிக்காவில் வாலும், இந்தியாவில் பிறந்த வானியும் 1971-இல் வெளியிட்டனர். பட்டையை உரித்தால் மரம் மடியும். ஆகவே பிரான்சில் பொத்தியே என்பாரும் அவர்தம் குழுவினரும் ஐரோப்பியத் தாக்சசு மரத்தின் இலையிலிருந்து முன்பொருளைப் பிரித்து, வேதிவினையால் டோசிடாக்செல் ஆக்கினர். உயிரணு இரண்டாகப் பிரியும்போது நுண்குழாய்கள் அமைந்தும் கலைந்தும் செயற்படும். நித்தியகல்யாணி மருந்து அவற்றை அமையவொட்டாது. தாக்சசு மருந்து அவற்றைக் கலையவொட்டாது. இருவழியாலும் உயிரணுப் பிரிவு நின்றுவிடுகின்றது.

டோசிடாக்செல் 2006-இல் அமெரிக்காவில் முற்றிய தலைகழுத்துப் புற்றுக்கு வேறு மருந்துகளோடு சேர்த்துத் தர இசைவு பெற்றது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையினர், வழக்கமான சிசுபிளாட்டின் மருந்தைத் தாங்கவியலாத 356 நோயாளிகளை இருபிரிவாக்கிக் கண்ட முடிவை 2023-இல் வெளியிட்டனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றோருள் ஈராண்டு உயிர்வாழ்ந்தோர் 41.7 விழுக்காட்டினர், கதிர்வீச்சோடு வாரந்தோறும் சிற்றளவு டோசிடாக்செலும் பெற்றோருள் 50.8 விழுக்காட்டினர். செடியிலிருந்து பிறந்த ஒரு மருந்து இந்நோய்க்குப் பயன்பட்டது என நாம் உறுதியாகக் கூறத்தக்க இடம் இதுவேயாகும். அதுவும் தனியே நின்று தீர்த்ததன்று. கதிர்வீச்சிற்குத் துணையாய் நின்றது.

இம்மரத்தோடு தமிழ் மருந்துப் பெயரொன்று தொடர்புறுகின்றது. தாளிசபத்திரி எனச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயரால், இமயத்து 'ஏபிசு' மரத்தின் இலையையும் தாக்சசு மரத்தின் இலையையும் வெவ்வேறு வட்டாரத்து வணிகர் விற்றுள்ளனர். இப்பெயரைக் கண்டவுடன் 'சித்தர் டாக்சால் அறிந்திருந்தனர்' எனத் துணிதல் பிழை. எம்மரம் என்பதே ஐயத்திற்கிடமானது. தாக்சசு இலை அப்படியே உண்ணின் உயிரைக் கொல்லும் நஞ்சுடையது. நூற்பெயர் ஒன்று, கடைச்சரக்கு ஒன்று, வேதிப்பொருள் மற்றொன்று. இம்மூன்றையும் ஒன்றெனக் கொள்வதால் வருவது ஏட்டுப் பிழை மட்டுமன்று, உயிர்ப்பிழையும் ஆகும்.

குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலிடம் பெறும் காந்தளும் இவ்வாறே. கண்வலிக்கிழங்கு எனத் திண்டுக்கல், கரூர்ப் பகுதி உழவர் பயிரிடும் இக்கொடியில் கொல்ச்சிசின் என்னும் பொருள் உண்டு. அதுவும் நுண்குழாயைத் தாக்குவதே. மூட்டுவாத நோய்க்குச் சிற்றளவில் பயன்படுவது. ஆயினும் மருந்தளவிற்கும் கொல்லும் அளவிற்கும் இடைவெளி மிகச் சிறிதாதலின் புற்றுமருந்தாக நிலைபெறவில்லை. ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் புற்றணுவைக் கொல்வது எளிது. நோயாளியைக் கொல்லாது புற்றணுவை மட்டும் கொல்வதே அரிது.

8. காலம் என்னும் மருந்து

புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரால் உந்தப்பெற்று, இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அறுவை, கதிர்வீச்சு, மருந்து என மூன்றையும் நோயின் நிலைக்கேற்பத் தரும் முறை அங்கும் பிற இடங்களிலும் வளர்ந்தது. இன்றும் வாய்ப்புற்றுக்கு முதன்மைச் சிகிச்சை அறுவையே. ஏனையவை துணையாகவோ, அறுவை இயலாவிடத்து மாற்றாகவோ அமைகின்றன.

வாய் கண்ணாற் காணத்தக்க உறுப்பு. கேரளத்தில் 1996-இல் தொடங்கி ஏறக்குறைய 1,92,000 மக்களிடத்து நடந்த ஆய்வில், பயிற்சிபெற்ற களப்பணியாளர் வாயைத் திறந்து நோக்கி ஐயமுற்றவரை மருத்துவரிடம் அனுப்பினர். புகையிலையோ மதுவோ கொள்பவரிடை வாய்ப்புற்றால் இறப்பவர் தொகை அதனால் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என 2005-இல் முடிவு வெளியாயிற்று. இத்துணைப் பயன் தந்த செடிமருந்து இன்றுவரை இந்நோய்க்கு வாய்க்கவில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத புண், வெண்படலம், செம்படலம், வாய் திறக்கும் அளவு குறைதல் ஆகியவை உடனே காட்டற்குரியன. இந்நிலையில் மஞ்சளை அரைத்துப் பூசியும் கசாயம் குடித்தும் திங்கள் பல கழிப்பவர் இழப்பது காலம். சிறு அறுவையால் தீரக்கூடியது தாடையை நீக்கவேண்டிய நிலைக்கு வளர்கின்றது. மஞ்சள் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. மஞ்சளின்மேல் நாம் ஏற்றிய புகழே தீங்கு செய்தது.

9. தமிழ்த்துறையின் கடன்

இவ்வாராய்ச்சியிலிருந்து தமிழ் ஆய்வாளர்க்குரிய கடமைகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிக்குங்கால் நோய்ப்பெயரை இன்றைய நோய்ப்பெயராக மாற்றாது, மூலச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, பாட்டு விவரிக்கும் அடையாளங்களைக் குறிப்பாகத் தருதல் வேண்டும்.

இரண்டாவது, மூலிகைப் பெயர்களைச் செடியியலாரோடு கூடி உறுதி செய்தல் வேண்டும். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் 1967-இல் மாத்யூ அடிகளார் தொடங்கிய இராப்பினாட்டு உலர்தாவரக் கூடம் நம் வாயிலிலேயே உள்ளது. அவர்தம் தமிழகச் சமவெளித் தாவரத் தொகுதிகள் 1981 முதல் வெளிவந்தன. நிகண்டில் ஒரு பெயர்க்குப் பல செடியும், ஒரு செடிக்குப் பல பெயரும் வருமிடத்து, உலர்த்திய செடியே நடுவனாதல் கூடும்.

மூன்றாவது, செடிவரவைக் கொண்டு நூற்காலம் கணிக்கும் முறையை மருத்துவ நூல்கள் அனைத்திற்கும் விரித்தல் வேண்டும்.

நான்காவது, ஆய்வுமுடிவைத் தமிழில் எழுதுவோர் 'தடுக்கலாம்', 'தடுத்தது', 'தீர்த்தது' என்னும் மூன்று வினைகளின் வேறுபாட்டைக் காத்தல் வேண்டும். கிண்ணத்தில் கண்டதற்கு முதல் வினையும், எலியிடத்துக் கண்டதற்கு எலி எனச் சுட்டி இரண்டாம் வினையும் போதும். மூன்றாம் வினை நோயாளியிடத்து ஒப்புநோக்கி மெய்ப்பித்தபின்னரே வருதற்குரியது. வினைச்சொல்லின் நுட்பம் அறிந்தவர் நாமே. அதனைக் காவாது விடின் பிறர் காப்பர் என எதிர்பார்த்தல் இயலாது.

10. முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, வெற்றிலை பாக்கு வழக்கத்தின் பழமைக்கு இலக்கியமும் கல்வெட்டும் உறுதியான சான்று தருகின்றன. வாய்ப்புற்றுக்கு மருந்து கண்டமைக்கு அவை சான்று தரவில்லை. குர்க்குமின் முதலியன ஆராயத்தக்கன. இன்னும் தீர்வு ஆகாதன. தாக்சசு வழிவந்த மருந்து பயன்பட்டது. அது கதிர்வீச்சோடும் மருத்துவர் கண்காணிப்போடும் பயன்பட்டது. பட்டினப்பாலைத் தோட்டத்தில் அடுத்தடுத்து நின்ற கமுகையும் மஞ்சளையும் பிரித்தறியும் பொறுப்பு இன்று நம்முடையதாகின்றது. கமுகின் தீமை ஐயமற்றது. மஞ்சளின் நன்மை ஐயத்திற்குரியது. வையம்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தமிழ் கற்பிக்கச் செல்லும் நம் மாணாக்கர், இவ்விரு வாக்கியங்களையும் அவற்றின் வேறுபாடு குன்றாமல் எடுத்துச் செல்வாராயின், தமிழாராய்ச்சி நோயாளியின் வாயிலையும் அடைந்ததாகும்.